நல்ல சத்தம்

சாயப் பானையின் மூடியை அவள் திறந்தபோது மணி பத்தாகப் பத்து நிமிடம் இருந்தது. பானை என்று பெயரே தவிர, அது தடித்த இரும்புத் தொட்டி. உள்ளே ரோஸ் நிறச் சாயம். மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான் தூண்களைச் சூளையில் சுடும்போது, அதே மண்ணில் செய்த சின்னத் துண்டுகளையும் கூடவே சுடுவார்கள். பிறகு அவற்றை உடைத்து, இந்தத் தொட்டியில் போட்டு, காற்றழுத்தம் ஏற்றி, ஒரு நாள் முழுக்க ஊறவிடுவார்கள். நன்றாக வெந்த பீங்கான் ஒரு சொட்டுச் சாயத்தையும் குடிக்காது. கழுவி எடுத்து மறுபடி உடைத்தால் உள்ளே பால்போல வெள்ளையாக இருக்கும்.

முதல் துண்டு வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை. ஐந்தாவது துண்டு சுத்தியலின் முதல் அடிக்கே பிளந்தது. ஈறில் ரத்தம் கசிந்ததுபோல, நடுப்பகுதி வரை ரோஸ் பரவியிருந்தது.

அவள் அதை மேசையில் வைத்துவிட்டு, அந்தத் துண்டு வந்த காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். சாயத்தில் போடாத சில்லு ஒன்று அதில் மிச்சம் இருந்தது. உடைந்த பக்கத்தை நுனி நாக்கில் வைத்தாள். ஒட்டியது. செங்கல் சில்லு ஒட்டும், பூந்தொட்டி ஒட்டும். வெந்தும் வேகாத அந்த மண்ணுக்கு உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, ஈரம் பட்டால் உறிஞ்சும். தேநீர்க் கோப்பை ஒட்டாது. மின்சாரத்துக்குப் போகும் பீங்கான் ஒட்டவே கூடாது.

பொட்டலத்தின் மேல் சூளைக்காரர் பென்சிலால் எழுதியிருந்தார்: கெட்டி, மூன்று. அதன் கீழே: சாதாச் சூளை, மேல்தட்டு.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

அந்தத் தொழிற்சாலையில் பலவிதமான மண் புழங்கியது. ஒரு கொட்டகையில் வடிகால் குழாய்க்கான சிவப்பு மண். இன்னொன்றில் அமில ஜாடிக்கான சாம்பல் மண்; அது வெந்தால் கல்லாகிவிடும், எந்த அமிலமும் அதைத் தின்னாது. மூன்றாவது கொட்டகையில் இன்சுலேட்டர். அதில் இரண்டு வகை. வெள்ளைக் களிமண்ணும் குவார்ட்ஸ் தூளும் சேர்ந்தது சாதா. குவார்ட்ஸுக்குப் பதில் அலுமினாத் தூள் போட்டுப் பிசைந்தது கெட்டி. ஏறக்குறைய இரண்டு மடங்கு பலம். ஆனால் கெட்டிக்கு அறுபது எழுபது டிகிரி கூடுதலாகச் சூடு வேண்டும். அதற்குத் தனிச் சூளை, மாதம் ஒருமுறைதான் பற்றவைப்பார்கள். இரண்டுக்கும் மேலே பூசுவது ஒரே பழுப்பு கிளேஸ். வெந்து வெளியே வந்துவிட்டால் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது.

காதுக்குத் தெரியும். அதற்குத்தான் அவள் இருந்தாள். மரச்சுத்தியால் தூணின் மடிப்புகளில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவாள். நல்லதாக இருந்தால், "பாடுது" என்று சாக்பீஸால் டிக் போடுவாள். விரிசல் இருந்தால் சத்தம் தொண்டை கட்டியதுபோல வரும். "இருமுது" என்பாள். அதைத் தள்ளி வைத்துவிடுவார்கள். பத்தொன்பது வருடமாகத் தட்டிப் பார்த்து இருமலைக் கண்டுபிடிப்பதால் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். தூணை வளைத்துப் பார்க்கும் எந்திரம் எண்ணெய் ஒழுகி ஒரு மாதமாகப் படுத்துக் கிடந்தது. டாக்டரம்மா இருக்கிறாளே என்று யாரும் அதை அவசரப்பட்டுச் சரிசெய்யவில்லை. சாயப் பானையைத் திறப்பதும் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாகிப் போயிருந்தது.

ரோஸ் துண்டையும் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு சூளைக் கொட்டகைக்கு ஓடினாள். சூளைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தக் கெட்டி மூணையும் சாதாச் சூளையிலயா வெச்சீங்க?"

"ஆமா. ஏன், பட்டுக்குஞ்சம் கட்டித் தனியா வெக்கணுமா?"

"அண்ணே, வெளையாடாதீங்க. வெச்சீங்களா?"

அவர் கையை முதுகிலிருந்து எடுத்தார். "நீதானேம்மா தம்பிக்கு அவசரம், தம்பிக்கு அவசரம்னு என் காலையே சுத்திச் சுத்தி வந்த? கெட்டிச் சூளை பத்தவைக்க அப்போ இருபது நாள் இருந்துச்சு. மேல்தட்டுல சூடு எப்பவும் கொஞ்சம் தூக்கலா இருக்கும். வெந்துரும்னு நெனச்சேன்."

"வேகல."

அவர் ரோஸ் துண்டை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "நீதானே தட்டிப் பாத்து டிக் போட்ட?"

"நான் அதெல்லாம் சாதான்னு நெனச்சுத் தட்டினேன்."

சொன்ன பிறகுதான் நடந்தது முழுவதும் அவளுக்கு விளங்கியது. அன்றைக்குச் சூளையிலிருந்து நாற்பது தூண்கள் வந்தன. எல்லாம் சாதா என்று நினைத்தாள். வரிசையாகத் தட்டினாள், நாற்பதும் ஒரே குரலில் பாடின. கெட்டி சரியாக வெந்திருந்தால் அதன் குரல் கூர்மையாக, மேலே போயிருக்கும். இது அரைவேக்காடு, குரல் இறங்கி, நன்றாக வெந்த சாதாவின் குரலில் வந்து நின்றுவிட்டது. அவள் கேட்டது நல்ல சத்தம்தான். நல்ல சாதாவின் சத்தம். விரிசல் விழுந்திருந்தால் இருமியிருக்கும், பிடித்திருப்பாள். உடம்பு முழுக்கச் சீராகப் பலவீனமாக இருந்ததால் அது சீராகப் பாடியது.

அந்த மூன்று தூண்களுக்கும் மேலும் கீழும் இரும்புத் தொப்பி மாட்டி, போன வாரம் லாரியில் ஏற்றினார்கள். ஏதோ கிடங்கில் இருந்த பழைய கெட்டியைத்தான் அனுப்புகிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். போனது அவள் தம்பி வேலை செய்யும் துணைமின் நிலையத்துக்கு. இடி விழுந்து அங்கே மூன்று தூண்கள் தெறித்துவிட்டன. "ஒத்த லைன வெச்சு ஊரையே ஓட்டிட்டு இருக்கோம்க்கா, உங்க கம்பெனியில சொல்லிச் சீக்கிரம் அனுப்பச் சொல்லு" என்று அவன்தான் போனில் சொன்னான். நேற்றும் பேசினான். தூண்களை நிறுத்தியாகிவிட்டதாம். இன்று பதினோரு மணிக்கு லைனில் மின்சாரம் வரும். அவன்தான் கீழே நின்று கைப்பிடியைச் சுற்றிச் சுவிட்சை மூடப் போகிறான். தலைக்கு மேலே மூன்று தூண்களும் கம்பிகளோடு ஒரே நேரத்தில் திரும்பும். தூண் ஒடிந்தால் லட்சம் வோல்ட்டோடு கம்பி அவன்மேல்தான் விழும்.

இரும்பு ஒடிவதற்கு முன் வளையும். மரம் முறிவதற்கு முன் முனகும். பீங்கான் எதையும் முன்கூட்டிச் சொல்லாது.

தம்பிக்குப் போன் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது. தூண்கள் நிற்கும் யார்டுக்குள் நுழையும்போது போனை வாசலில் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. ஆபீஸ் எண்ணுக்கு அடித்தாள். ஒரு கிளார்க் எடுத்தார்.

"சார், இன்சுலேட்டர் கம்பெனியிலருந்து பேசுறேன். இன்னிக்கு லைன் குடுக்கக் கூடாது சார், அந்தத் தூணு மூணும் சரியில்ல."

"கம்ப்ளெயின்ட்டா? லெட்டர்ஹெட்ல எழுதி, மேனேஜர் கையெழுத்தோட அனுப்புங்க."

"அதுக்கு நேரமில்ல சார். உள்ள இருக்கிறது என் தம்பி."

"அப்ப வீட்டு விஷயமா? கம்பெனி விஷயமா?"

"ரெண்டும்தான் சார்."

"வீட்டு விஷயம்னா சாயங்காலம் பேசுங்கம்மா. எல்லாரும் யார்டுல இருக்காங்க."

வைத்துவிட்டார். மறுபடி அடித்தபோது எண் பிஸி. மணி பத்தேகால். மேனேஜர் தலைநகருக்குப் போயிருந்தார். சூளைக்காரர் சட்டைப் பையைத் தடவி வண்டிச் சாவியை எடுத்தார். அவர் முகம் வெள்ளைக் களிமண்ணின் நிறத்துக்கு வந்திருந்தது.

"ஏறு. நாப்பது நிமிஷ ரோடு."

பழைய மோட்டார் சைக்கிள். அவள் பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்து ஒரு கையால் கம்பியைப் பிடித்தாள். இன்னொரு கை எதையோ இறுக்கிக்கொண்டிருந்தது. முதல் சிக்னலில்தான் பார்த்தாள், மரச்சுத்தி.

"மேல்தட்டு சூடா இருக்கும்மா," என்று அவர் முன்னால் பார்த்தபடியே சொன்னார். இரண்டு வளைவு தாண்டி, "எப்பவும் சூடாத்தான் இருக்கும்" என்றார்.

அவளுக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. கெஞ்சியது அவள். டிக் போட்டதும் அவள். வழியெல்லாம் பீங்கானாகவே கண்ணில் பட்டது. டீக்கடையில் அடுக்கிய கோப்பைகள், கடை வாசலில் சாய்த்துவைத்த தரை ஓடுகள், லாரியில் வைக்கோலுக்குள் படுத்திருக்கும் கைகழுவும் தொட்டிகள். அவர்கள் உட்கார்ந்திருந்த வண்டியின் எஞ்சினிலும் ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைக் கழுத்து ஒன்று இருந்தது. அதுவும் அலுமினாதான், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் வெடிப்பை வாங்கிக்கொண்டு பேசாமல் நிற்கிறது. எங்கோ ஒருவர் அதைச் சரியாகச் சுட்டிருக்கிறார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி. நாற்பத்திரண்டு பெட்டி என்று எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

துணைமின் நிலையத்தின் வாசலுக்கு வந்தபோது பதினொன்றுக்கு ஐந்து நிமிடம். காவலாளி நோட்டை நீட்டினார். "பேர், வந்த காரணம்."

சூளைக்காரர் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு, "நான் எழுதுறேன், நீ போம்மா" என்றார். அவள் ஓடினாள். சரளைக் கல்லில் செருப்பு வழுக்கியது. ஒன்றைக் கழற்றி விட்டுவிட்டு ஓடினாள். கம்பிகளின் ரீங்காரம் எல்லாப் பக்கமும் இருந்தது. மஞ்சள் ஹெல்மெட் போட்ட நாலைந்து பேர். அவர்களில் ஒருவன் மூன்று தூண்களுக்குக் கீழே கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்று, கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"டேய்! தொடாதடா!"

தம்பி திரும்பினான். "அக்கா? என்னக்கா, வீட்ல யாருக்காவது..."

"வெளிய வா. அதுக்குக் கீழ நிக்காத. வா முதல்ல."

அவன் வந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். இன்ஜினியர் வந்தார், ஐம்பது வயது, மூன்று நாள் தூங்காத கண். அவள் ரோஸ் துண்டை நீட்டி, வந்த வார்த்தையில் சொன்னாள். மண், சூளை, சாயம். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"இந்தத் துண்டு இந்தத் தூண்ல இருந்து எடுத்ததாம்மா?"

"கூடவே வெந்தது சார்."

"தூண்ல விரிசல் இருக்கா?"

"விரிசல் இல்ல சார். உடம்பே சரியில்ல."

"காலையில மூணு தடவ சுவிட்ச ஆட்டிப் பாத்தாச்சு. அசையல. உங்க கம்பெனி டிக் மார்க்கோடதான் வந்திருக்கு. யாரு போட்ட டிக்?"

"நான்தான் சார்."

கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டான். தம்பிக்கு முகம் சுருங்கியது, சமாளிக்கப் பார்த்தான். "எங்கக்கா தட்டாத பொருளே கெடையாது சார். சின்னப் பிள்ளையில என் மண்டையையே தட்டிப் பாத்திருக்கு."

"என்ன சொன்னாங்க?"

"காலிக் குடம்னு."

எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினியரும். "சரி, உங்க திருப்திக்கு இங்கயே தட்டிப் பாருங்க. லைன் இன்னும் வரல, எர்த் போட்டிருக்கு. ஏணி குடுங்கப்பா."

அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இது தன் கழுத்துக்குத் தானே மாட்டிக்கொள்ளும் கயிறு என்று. ஆனாலும் ஏறினாள். இடது தூண். கீழ் மடிப்பிலிருந்து மேலாக. மணி அடித்ததுபோல ஒலித்தது. வலது தூண், அதே குரல். நடுத்தூண் ஒரு மயிரிழை தாழ்ந்து ஒலித்தது. கீழே நின்றவர்கள் யாருக்கும் அந்த மயிரிழை கேட்டிருக்காது. அவளுக்கே பயத்தில் காது ஏமாற்றுகிறதோ என்று தோன்றி, மறுபடி மூன்றையும் தட்டினாள். நடுத்தூண் மறுபடியும் தாழ்ந்தது.

"நல்லாக் கணீர்னு இருக்கேம்மா!" என்றார் இன்ஜினியர்.

"அதான் சார் பயமே. கெட்டின்னா இப்படிக் கேக்காது. இன்னும் மேல போகும். பக்கத்து வரிசையில இருக்கிறது பழைய கெட்டி, அதத் தட்டினா உங்களுக்கே தெரியும்..."

"அது லைன்ல இருக்கு. லட்சம் வோல்ட்டத் தட்டப் போறீங்களா?"

அவள் இறங்கினாள். கேட்கிற எல்லோருக்கும் நல்லதாகக் கேட்கிற ஒன்றைக் கெட்டது என்று நிரூபிக்க அவளிடம் வேறெதுவும் இல்லை. பத்தொன்பது வருடமாகச் சத்தத்தை நம்பச் சொன்னவள், இன்று அதே சத்தத்தை நம்பாதீர்கள் என்கிறாள்.

"ஆஸ்பத்திரி ஜெனரேட்டர்ல ஓடுது," என்றார் இன்ஜினியர், குரலைத் தாழ்த்தி. "இருக்கிற ஒத்த லைனும் நேத்துலருந்து சூடேறிக் கெடக்கு. ஒரு ரோஸ் கல்லக் காட்டி இத நிறுத்த முடியாதும்மா. எழுத்துல குடுங்க, நாளைக்கே மாத்துறேன். தம்பி, நீ போ. ரெண்டு நிமிஷத்துல லைன் வருது."

தம்பி அவள் கையைச் சட்டையிலிருந்து மெல்ல விலக்கினான். "ஒண்ணும் ஆகாதுக்கா. எத்தன தடவ பண்ணிருக்கேன். இவங்க முன்னாடி மானத்த வாங்காத. அங்க போய் நெழல்ல உக்காரு."

அவன் தூண்களுக்குக் கீழே போனான். எர்த் கம்பிகளைக் கழற்றினார்கள். எல்லோரும் தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நகர்ந்தார்கள். எங்கோ மணி ஒன்று நீளமாக அடித்தது. மேலே கம்பியில் அதுவரை இல்லாத ரீங்காரம் ஏறியது, லைன் வந்துவிட்டது.

அவள் கோட்டைத் தாண்டி நடந்தாள். யாரோ கத்தினார்கள். ஓடவில்லை, ஓடினால் கால் நிற்காது என்று தெரியும். நேராகப் போய், தம்பியின் கைகளுக்குப் பக்கத்தில் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, பைத்தியமா உனக்கு? வெளிய போ!"

"நீ சுத்து."

"போக்கா!"

"ஒண்ணும் ஆகாதுன்னியே. சுத்து. நானும் நிக்கிறேன்."

அவன் நிமிர்ந்து மேலே பார்த்தான். அன்றைக்குக் காலையில் அதே இடத்தில் நின்று மூன்று தடவை அதே தூண்களைப் பார்த்தவன்தான். இப்போது அவன் பார்வை தூணின் அடியிலிருந்து நுனிவரை மெதுவாக ஏறி, அங்கிருந்து நேர்கீழாக அவள் தலைவரை இறங்கியது. அவன் கைகள் கைப்பிடியை விட்டன.

"சார்," என்று கத்தினான். "நான் சுத்த மாட்டேன் சார். லைன நிறுத்தச் சொல்லுங்க. நான் மறுத்தேன்னு எழுதிக்கங்க."

"அந்தம்மாவ வெளிய கூட்டிட்டு வாய்யா மொதல்ல!"

"வெளிய வந்தாலும் சுத்த மாட்டேன் சார்."

லைனை நிறுத்த நாலு நிமிடம் ஆனது. அதுவரை இருவரும் அசையாமல் நின்றார்கள். ரீங்காரம் அடங்கிய பிறகு அவள் விரல்களைக் கைப்பிடியிலிருந்து அவன் ஒவ்வொன்றாகப் பிரித்தான். தானாக அவை திறக்கவில்லை.

அன்று சாயங்காலமே கிரேன் வந்து மூன்று தூண்களையும் கழற்றியது; மறுநாள் அவை தொழிற்சாலைக்குத் திரும்பி வந்தன. தம்பிக்கு மெமோ கொடுத்தார்கள். அவள் வேறொரு கிடங்கிலிருந்து சரியான கெட்டி மூன்றைத் தேடிப் பிடித்து அனுப்பவைத்தாள். வளைத்துப் பார்க்கும் எந்திரத்துக்கு மேனேஜர் தலைநகரிலிருந்தே ஒரே நாளில் ஆள் வரவழைத்தார்.

நாலாம் நாள் சூளைக்காரர் தட்டும் மேசைக்கு வந்தார். சட்டையில் வெள்ளைத் தூள்.

"ஒண்ண எந்திரத்துல மாட்டினோம்மா. அழுத்தம் காட்டுற முள்ளு முழுசா எழும்பல. தாங்க வேண்டியதுல கால்வாசிகூட இல்ல, டப்புனு போயிடுச்சு." அவர் உட்காராமலே நின்றார். "மிச்சம் ரெண்டும் வெளியதான் கெடக்கு. மேனேஜர் வந்ததும் உடைப்போம்."

"உடைஞ்சது எது? நடுவுல இருந்ததா?"

"யாருக்குத் தெரியும்? கழட்டும்போது போட்ட சாக்பீஸ் குறி எல்லாம் வர்ற வழியில அழிஞ்சிருந்துச்சு."

அவர் போன பிறகு, மரச்சுத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இரண்டு தூண்களும் மரக்கட்டைமேல் படுத்திருந்தன. ஒன்றைத் தட்டினாள். மற்றொன்றைத் தட்டினாள். இரண்டும் ஒரே குரல், மயிரிழைகூட இறங்கவில்லை. அன்று கேட்ட தாழ்ந்த குரல் இந்த இரண்டிலும் இல்லை. திரும்பத் திரும்பத் தட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் தம்பி போன் செய்தான். அதற்குள் அவனுக்கும் செய்தி போயிருந்தது.

"ஒண்ணு ஒடஞ்சிடுச்சாமே அக்கா. நான் நின்னேனே, நடுவுல இருந்ததுக்குக் கீழ. அதுவா?"

அவள் சுத்தியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியலடா," என்றாள். "மூணும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு."